அந்த ஐயாவுக்காக ஒரு ஜெபம்

மடித்து, நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து, மறுபடி மடித்து, விலாசச் சீட்டை ஒட்டி, இடது பக்கம் வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, இதற்கு எம்.ஏ., பி.எட். எதற்கு, தலைமையாசிரியர் நாற்காலியில் அத்தனை வருஷம் உட்கார்ந்தது எதற்கு என்று ஞானாதிக்கம் சாருக்குத் திங்கட்கிழமையே தோன்றியதுதான், ஆனால் திங்கட்கிழமை அது தாழ்மை என்று இனித்தது, இன்று வெள்ளிக்கிழமை புளிக்கிறது. வயிறு காலி என்பதாலும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை மிஷனெரிச் சங்கத்து ஆபீஸில் எல்லாருக்கும் உபவாசம், மத்தியான ஜெபம் முடிந்துதான் தண்ணீரே. மடி, இழு. சட்டைப் பையில் குத்தியிருக்கிற அட்டையில் "சேவை மிஷனெரி" என்று போட்டிருக்கிறது. வடக்கே மலைக்கும் காட்டுக்கும் போகிறவர்கள் மட்டும் மிஷனெரி இல்லை சார், இங்கே பாளையங்கோட்டையில் காத்தாடிக்கடியில் உட்கார்ந்து சம்பளமில்லாமல் சங்கத்துப் பத்திரிகையை மடிக்கிறவரும் மிஷனெரிதான் என்று செயலாளர் துரைப்பழம் சொல்லி, அதே மாதிரி அட்டை ஒன்றைச் சாருடைய சம்சாரம் வயலட்டுக்கும் கொடுத்தார். வயலட் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம்தான் ஜெபபோன் அறை, கஷ்டத்தில் இருக்கிறவர்கள் கூப்பிட்டால் போனிலேயே ஜெபித்துக் கொடுக்கிற இடம். தட்டி கூரைவரைக்கும் போகாததால் அவள் அங்கே பேசுகிறதெல்லாம் மேலே ஏறி இந்தப் பக்கம் இறங்கி அவர் காதில் விழுகிறது. "அழுங்கம்மா, நல்லா அழுதுக்கிடுங்க, நான் இருக்கேன்" என்கிறாள், ஊர் பேர் தெரியாத எவளிடமோ. நான் இருக்கேனாம்! சார் பத்திரிகையைக் கோணலாக மடித்துவிட்டார், பிரித்து மறுபடி மடித்தார்.

இதில் கொடுமை என்னவென்றால் அந்த ஜெபபோன் நாற்காலி அவருக்குப் போட்டது. வழக்கமாகப் போன் எடுக்கிற அம்மா மகள் பிரசவத்துக்கு லீவில் போயிருக்க, "சார் ஜெபத்துல வல்லவங்கன்னு கேள்விப்பட்டேன், சாரே உட்காருங்க" என்று திங்கட்கிழமை காலையில் துரைப்பழம் கையைப் பிடித்து உட்கார வைத்தது அவரைத்தான். கேள்விப்பட்டதில் பொய் இல்லை. அவர்கள் சபையில் வீடு பிரதிஷ்டை என்றாலும், நிச்சயதார்த்தம் என்றாலும், குருவானவருக்கு அடுத்தபடி ஞானாதிக்கம் சாரைத்தான் ஜெபிக்கக் கூப்பிடுவார்கள். அவர் ஜெபத்துக்குத் தலை உண்டு, உடம்பு உண்டு. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினதில் தொடங்கி, இஸ்ரவேல் ஜனங்களைச் செங்கடலில் நடத்தி, அதற்கப்புறம்தான் ஆள் விஷயத்துக்கு வருவார், பிள்ளைகள் கொட்டாவி விட்டாலும் பெரியவர்கள் தலையை ஆட்டிக் கேட்பார்கள். திங்கட்கிழமை வந்த முதல் போன் ஒரு பெண்பிள்ளை, பஸ் ஸ்டாண்டிலிருந்து, தம்பிக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனாம். சார் கண்ணை மூடினார், உலகத்தைப் படைத்தார், செங்கடலைப் பிளந்தார், யோர்தானுக்குப் பக்கத்தில் போகும்போது, "ஐயா, பஸ் வந்துட்டு, வச்சிருதேன்" என்று அந்தப் பிள்ளை போனை வைத்துவிட்டது. அவர் ஆயுசில் அவர் ஜெபத்தை நடுவில் விட்டுவிட்டு யாரும் பஸ் ஏறினது கிடையாது. முகம் கழுவிக்கொண்டு வரலாம் என்று பின்பக்கம் போனார். திரும்பி வருவதற்குள் போன் அடித்திருக்கிறது, ஸ்டூலில் உட்கார்ந்து கவருக்குப் பசை தடவிக்கொண்டிருந்த வயலட் எடுத்திருக்கிறாள். எடுத்தவள் எடுத்தவள்தான். அவர் உள்ளே நுழையப் போக, கதவோரம் நின்று அவள் பேசுகிறதைக் கேட்டுக்கொண்டிருந்த துரைப்பழம் அவரைப் பார்த்து வாயில் விரலை வைத்தார். எத்தனை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பார்த்து அவர் வைத்த விரல் அது! அப்புறம் ரொம்ப மரியாதையாக, "சார், பத்திரிகை மடிக்கத்தான் நம்பிக்கையான ஆள் இல்லாம…" என்று துரைப்பழம் இழுக்க, அதற்கென்ன ஐயா, ஆண்டவருக்குப் பெரிய வேலை சின்ன வேலை உண்டா என்று அவர் வாய் சொன்னது. வாய் சொல்லும். அது அவர் வாய், எந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

அப்படி என்ன பெரிசாக ஜெபம் பண்ணிக் கிழிக்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் ஒன்றுமே இல்லை. தலையும் கிடையாது, உடம்பும் கிடையாது. ஒரு வசனமாவது முழுசாக வருகிறதா, அதுவும் இல்லை. "அப்பா, இந்தப் பிள்ளைக்குத் தூக்கமே இல்லையாம், பாத்துக்கிடுங்கப்பா." இவ்வளவுதான், ஆமென். கடவுள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. இதைக் கேட்கவா திருச்செந்தூரிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் கூப்பிடுகிறார்கள்? கூப்பிடுகிறார்களே! செவ்வாய்க்கிழமையே "அந்தப் புது அம்மா இருக்காவளா" என்று ஆரம்பித்துவிட்டது, புதன்கிழமைக்குள் பேரைத் தெரிந்துகொண்டு வயலட்டம்மா, வயலட்டம்மா. கோவில்பட்டியில் ஒரு ஆள், தீப்பெட்டி ஆபீஸில் வேலையாம், பெண்டாட்டி செத்துப் போனவன், விடிந்தால் கூப்பிட்டுவிடுகிறான், இவள் அவனிடம் "சாப்பிட்டீங்களா ஐயா" என்று கேட்கிறாள். சாப்பிட்டீங்களா! ஞானாதிக்கம் சாரிடம் அவள் அப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டியதில்லைதான், தட்டில் போடுகிறவளே அவள்தானே, சாப்பிட்டாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியாதா, ஆனாலும் கேட்டதில்லை. அதைவிட அந்தக் குரல். அதுதான் அவரைப் போட்டு அரிக்கிறது. பேச்சில் என்ன இருக்கிறது, பேச்சு யாரும் பேசலாம், அந்தக் குரல் எங்கே இருந்தது இத்தனை வருஷமாக? ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து பேசுகிற மாதிரி, தணிந்து, அவசரமில்லாமல், ஒரு "ம்" சொன்னால் அந்த "ம்" எதிராளியின் முதுகைத் தடவிக் கொடுக்கிற மாதிரி ஒரு குரல், நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரே கூரைக்கடியில் இருந்தும் அவர் காதில் விழாத குரல். வீட்டில் அவளுக்கு இருந்தது "சரி சார்" குரல்தான். கல்யாணமாகிப் பள்ளிக்கூடக் காம்பவுண்டு வீட்டுக்கு வந்தபோது எல்லாரும் அவரை சார் என்றார்கள், அவளும் சார் என்றாள், அது அவருக்குப் பிடித்திருந்தது, அப்படியே நின்றுவிட்டது. குடும்ப ஜெபம் அவர் பண்ணுவார், அவள் ஆமென் சொல்வாள். ஒரு நாள்கூட நீ ஜெபி என்று அவளிடம் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. எத்தனை ஆமென்! அத்தனையும் அப்பாடா முடிந்தது என்று சொன்ன ஆமென்தானோ என்று செவ்வாய்க்கிழமை ஒரு சந்தேகம் வந்தது. வந்த சந்தேகம் போகவில்லை.

புதன்கிழமை அதற்கு மேல் ஒன்று நடந்தது. நடந்தது என்றால் என்ன, ஒரு வாக்கியம், தட்டிக்கு மேலே ஏறி வந்து விழுந்தது. எவளோ ஒருத்தி தன் புருஷனைப் பற்றி ஒரு பாட்டம் அழுது தீர்த்திருக்க வேண்டும், அதற்கு வயலட் சொல்கிறாள், "தெரியும்மா. ஆள் பக்கத்துலயே இருக்கும், வீடு நிறைய சத்தமும் இருக்கும், நமக்குன்னு ஒரு வார்த்தை இருக்காது. எனக்குத் தெரியாதா, நான் பாத்ததுதானே." சார் கையில் விலாசச் சீட்டு, பசைப் பக்கம் மேலே பார்த்து, அப்படியே நின்றுபோனது. நான் பார்த்ததுதானே. எங்கே பார்த்தாள்? அவள் தங்கை வீட்டில் பார்த்திருப்பாள், சாத்தான்குளத்தில், அந்த மாப்பிள்ளை ஒரு ஊமைக்கோட்டான், அவனைத்தான் சொல்கிறாள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம் என்று இரண்டு பத்திரிகை மடித்தார். ஆனால் தங்கை வீட்டில் சத்தமே இருக்காதே, வீடு நிறைய சத்தம் என்றாளே, வீடு நிறைய சத்தம் போடுகிறவர் யார், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை மதியச் சாப்பாட்டில் திரும்பவும் நடத்துகிறவர் யார்? ஆறுதலுக்குச் சும்மா சொல்லியிருப்பாள், பொம்பிளைகள் ஒருத்திக்கொருத்தி அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள், எனக்கும் அப்படித்தான் என்று. சும்மா சொல்கிறவளா வயலட்? கறிக்காரனிடம்கூடச் சும்மா ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவள். அப்போது நிஜமா? நிஜமென்றால் இதை இன்னும் எத்தனை பேரிடம் சொன்னாள், கோவில்பட்டிக்காரனுக்குத் தெரியுமா, தென்காசிக்குத் தெரியுமா, மூன்று மாவட்டத்துக்கும் ஞானாதிக்கம் சார் வீட்டு விஷயம் தெரிந்துவிட்டதா, அவருக்குத் தவிர? சாயங்காலம் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், அவர் பக்கத்தில். கேட்கவும் முடியாது. போனில் பேசினது அந்த அறையைத் தாண்டக் கூடாது என்பது சங்கத்துச் சட்டம், அதை ஒட்டுக் கேட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? "வேலை எப்படி?" என்றார். "நல்லாருக்கு சார்" என்றாள். அந்த ஜன்னலைப் பார்த்ததும் வேறொரு பஸ் ஞாபகத்துக்கு வந்தது, அவள் அம்மா செத்த சேதி வந்து சாத்தான்குளம் போன பஸ். வழி நெடுக யோபுவின் பொறுமையை அவர் அவளுக்கு விளக்கிக்கொண்டு போனார், எத்தனை அருமையான விளக்கம், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு இடத்தில் திரும்பி, "சார், கொஞ்சம் சும்மா வாரீங்களா" என்றாள். அன்றைக்கு அவருக்குக் கோபம் வந்தது, ஆறுதல் சொல்ல வந்தவனை இப்படிச் சொல்லலாமா என்று. அது வீடு நிறைந்த சத்தத்தில் சேருமா, சேராதா? அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் போயிருந்தால் என்ன என்று பஸ் ஊர் வந்து சேரும்வரை யோசித்தார்.

வியாழக்கிழமை செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. மடித்த பத்திரிகைக் கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய்த் தபாலாபீஸில் கொடுத்தார், வெளியே வந்தார், நல்ல வெயில், பூட்டிக் கிடந்த ஜெராக்ஸ் கடைத் தகரத்து நிழலில் ஒதுங்கினார், ஒதுங்கினவர் செல்போனை எடுத்து ஜெபபோன் நம்பரைப் போட்டார். சோதித்துப் பார்க்கத்தான், சத்தியமாக வேறெதற்கும் இல்லை. அந்தப் போன் பழைய போன், யார் கூப்பிடுகிறார்கள் என்று நம்பர் காட்டாது. வேற்று ஆள் மாதிரி பேசி, அம்மா, உங்க வீட்டுக்காரர் எப்படி என்று வாயைக் கிண்டிவிட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். வாயில் கைக்குட்டையைக்கூட வைத்துக்கொண்டார், வேர்த்துக் கொட்டியதில் அது நெற்றிக்குப் போய்விட்டது. "ஸ்தோத்திரம், சொல்லுங்க ஐயா" என்றது அந்தக் குரல். தட்டிக்கு மேலே ஏறி இறங்கி மிச்சமாக வருகிற குரலைத்தான் இத்தனை நாள் கேட்டிருந்தார், இது நேராகக் காதுக்குள். திட்டமாவது ஒன்றாவது! "பேர் சொல்லணும்னு இல்ல ஐயா, ஆண்டவருக்குத் தெரியும், நிதானமா சொல்லுங்க" என்றாள். ஒரு லாரி போனது. போகட்டும் என்று அவள் காத்திருந்தாள், அந்தக் காத்திருப்பு அவருக்குக் கேட்டது. "என் சம்சாரம்" என்று அவர் வாயிலிருந்து வந்தது, பிரசங்க பீடத்துக் குரல் இல்லை, தொண்டைக்கடியில் கிடந்த ஏதோ ஒன்று, "எல்லார்கிட்டயும் பேசுதா. கண்டவன்கிட்டயும் பேசுதா. என்கிட்ட பேசமாட்டேங்கா." "எத்தன நாளா ஐயா?" "இப்பத்தாம்மா கவனிச்சேன்." கட்டின பெண்டாட்டியை அம்மா என்கிறோமே என்றுகூடத் தோன்றவில்லை. "இப்பவாது கவனிச்சீங்களே" என்றாள் அவள், அதில் குத்தல் ஒரு பொட்டு இல்லை. "ரொம்பக் கஷ்டமா இருக்கா ஐயா?" அவரை யாரும் இப்படிக் கேட்டதே இல்லை. ஊருக்கெல்லாம் கஷ்டத்தில் ஜெபம் பண்ணுகிறவரை யார் கேட்பார்கள்? "இருக்கும்மா. பொறாமையா இருக்கு" என்றார். சொல்லிவிட்டார். அறுபத்தெட்டு வயசில், ஜெராக்ஸ் கடை வாசலில். "அத அவங்ககிட்ட சொன்னீங்களா?" "சொல்ல முடியாதும்மா." "ஏன் ஐயா?" "பழக்கமில்ல." "ம்" என்றாள். அவர் முதுகில் அந்த "ம்" இறங்கியது. பிறகு ஜெபித்தாள், "அப்பா, இந்த ஐயா ரோட்டுல நின்னு பேசுதாங்க, வண்டிச் சத்தம் கேக்கு. போறவன் வாறவன் பாக்கிற இடத்துல மனசத் தொறந்துட்டாங்கப்பா. வீட்டுக்குள்ளயும் பேச வைங்க. அந்த அம்மாவும் பாவம்பா, யாராவது இப்படிப் பேச மாட்டாங்களான்னுதான் அவங்களும் இருப்பாங்க." ஆமென் என்று முடிந்தபோது ஞானாதிக்கம் சார் தகரக் கதவில் சாய்ந்திருந்தார், கைக்குட்டை கண்ணுக்கு வந்திருந்தது.

சரி, அதோடு சமாதானமாகியிருக்க வேண்டுமே! ஆகவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர், இப்போது பேசுவாள், இதோ இப்போது அந்தக் குரலில் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவளோ தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "இன்னொன்னு வைக்கட்டா சார்?" என்றாள், அதே பழைய சார், அதே பழைய குரல். கண்டுபிடித்துவிட்டாளா, கண்டுபிடித்துவிட்டு நடிக்கிறாளா? நடித்தால் பலே கைகாரிதான். கண்டுபிடிக்கவில்லையென்றால் அது அதைவிட மோசம், இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்த புருஷன் குரல்கூடவா தெரியாது? தெரிந்திருந்தாலும் பயம், தெரியாவிட்டாலும் பயம். பாத்திரம் கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் பாட்டுக்கு ஓட, கை பாட்டுக்கு நனைய, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். தண்ணீரை வீணாக்கினால் அவளுக்குப் பிடிக்காது, அவள் நின்றாள். "என்ன யோசனை?" "ஒண்ணுமில்ல சார்." ஒன்றுமில்லையாவது! அந்த ஆளை நினைத்துக்கொண்டிருக்கிறாள். தெருவில் நின்று அழுத அந்த ஐயாவை நினைத்துக்கொண்டிருக்கிறாள். சாருக்குச் சுள்ளென்று வந்தது. யார் அவன், எங்கிருந்து வந்தான், ஐந்து நிமிஷம் பேசினான், அவருக்கு ஆயுசுக்கும் கிடைக்காததை வாங்கிக்கொண்டு போய்விட்டான்! அந்த ஆள் நான்தானே, நான்தானே என்று தன்னையே தேற்றிப் பார்த்தார், தேறவில்லை. அவர் இங்கே தட்டுக்கு முன்னால் சாராக உட்கார்ந்திருக்கிறார், அவன் அவள் மனசுக்குள்ளே ஐயாவாக உட்கார்ந்திருக்கிறான். கோவில்பட்டிக்காரன்மேல் இருந்த எரிச்சலெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அவனுக்குச் சாப்பிட்டீங்களா ஒன்றுதான். இவனுக்கு ஓடுகிற தண்ணீர். "தண்ணியை மூடு" என்றார் சார். அவள் மூடினாள்.

இதோ, இன்றைய ஜெபத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். கடைசிப் பத்திரிகையை மடிக்காமலே வைத்துவிட்டு ஞானாதிக்கம் சார் கூடத்துக்கு வந்தார். ஜெபபோன் ரிசீவரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் அப்படி. பாயில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், வட்டமாகப் பத்துப் பன்னிரண்டு பேர், நேர் எதிரே வயலட், முக்காடு போட்டிருந்தாள். இந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. வாரமெல்லாம் போன் அறையைத் தாண்டாத கஷ்டங்களை, பாரங்கள் என்பார்கள், அன்று மட்டும் பேர் சொல்லாமல் சொல்ல வேண்டும், போன் எடுத்தவர் தானே ஜெபிக்கக் கூடாது, வேறொருவர் கையில் கொடுக்க வேண்டும், ஒருத்தர் தலையிலேயே எல்லாச் சுமையும் ஏறக் கூடாது என்று பழைய செயலாளர் யாரோ வைத்ததாம். வயலட் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தூக்கமே இல்லாத பிள்ளையைத் துரைப்பழம் எடுத்துக்கொண்டார். பெண்டாட்டியை இழந்த ஐயாவை ஒரு ரிட்டயர்டு நர்ஸ் அம்மா எடுத்துக்கொண்டு சுருக்கமாக ஜெபித்தார். சாருக்கு எதுவும் கேட்கவில்லை, சொல்லாதே, அதைச் சொல்லாமல் விட்டுவிடு என்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சேலை முந்தியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "இன்னொன்னு இருக்கு" என்றாள். "நேத்து ஒரு ஐயா. அவங்க சம்சாரம் அவங்ககிட்ட பேச மாட்டேங்காங்களாம். பொறாமையா இருக்குன்னு அவங்களே சொன்னாங்க. ஒரு ஆம்பள அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. எனக்கு அந்த ஐயா பாரம் ரொம்ப இருக்கு." கொஞ்சம் யோசித்தாள், சுற்றிலும் பார்த்தாள், பிறகு அவள் ஆயுசிலேயே முதல் தடவையாக அவரைப் பார்த்து ஒரு ஜெபம் கேட்டாள். "எங்க சார் இந்த ஜெபத்த ஏறெடுக்கட்டும்."

அவளுக்குத் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்துபோயிற்று, ஒன்றும் தெரியாது, நம்பித்தான் கொடுக்கிறாள், நல்லா ஜெபிக்கிறவர் கையில் நல்ல ஆளின் பாரத்தைக் கொடுக்கிறாள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஞானாதிக்கம் சார் முழங்காலில் நின்றார். "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின எங்கள் பரம தகப்பனே" என்று வாய் தன்பாட்டுக்குக் கிளம்பியது, இஸ்ரவேல் ஜனங்கள் அங்கே மூட்டை முடிச்சோடு தயாராக நின்றார்கள், கூட்டிக்கொண்டுபோய்க் கரை சேர்த்து, அந்த அருமையான சகோதரனையும் குடும்பத்தையும் ஆசீர்வதியும் என்று முடித்துவிட்டால் தீர்ந்தது, ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அப்புறம்? அப்புறம் அவன் இருப்பான். அவள் மனசுக்குள்ளே அந்த ஐயா இருந்துகொண்டே இருப்பான், அடுத்த வாரம் கூப்பிடுவாரோ என்று போனைப் பார்ப்பாள், கூப்பிடமாட்டான், கூப்பிடாததால் இன்னும் நல்லவனாகிவிடுவான், பாத்திரம் கழுவும்போதெல்லாம் வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பான், இவர் தட்டுக்கு முன்னால் தோசையைப் பிய்த்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், சாகிறவரைக்கும். முடியாது. அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும். அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. மானம் போகும். போகட்டும். துரைப்பழம் இருக்கிறார். இருக்கட்டும். செங்கடல் ஓரத்தில் ஜெபம் நின்றுபோயிருந்தது, ஆவியானவர் பேசுகிறார் போலிருக்கிறது என்று யாரோ மெல்ல "அல்லேலூயா" என்றார்கள், காத்தாடி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆண்டவரே" என்றார் ஞானாதிக்கம் சார். "அந்த ஆள் நான்தான்."

யாரும் கண்ணைத் திறக்கவில்லை, திறந்திருந்தாலும் அவர் பார்க்கவில்லை, அவர் இறுக மூடியிருந்தார். "தபாலாபீஸ் பக்கத்துல நின்னு நான்தான் பேசினேன். வேற யாரோ மாதிரி பேசினாத்தான் எனக்குப் பேச்சு வருது. இவ எல்லார்கிட்டயும் பேசுத அந்தக் குரல் எனக்கும் வேணும், ஆண்டவரே. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." அதற்கு மேல் வரவில்லை. எப்படி முடிப்பது என்று தெரியாமல் போன ஜெபம் அவருக்கு அதுதான் முதல். துரைப்பழம் தொண்டையைச் செருமினார். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று ஒருத்தருக்கும் புரியவில்லை.

எதிர்ப்பக்கம் வளையல் சத்தம் கேட்டது. பாயில் யாரோ முழங்காலுக்கு வந்தார்கள்.

"அப்பா" என்றாள் வயலட். "எனக்குத் தெரியலப்பா. இது இவங்க குரல்னு எனக்குத் தெரியவே இல்ல. இத்தன வருஷத்துல இவங்க எங்கிட்ட அப்படிப் பேசிருந்தால்லா எனக்குத் தெரியும்." மூக்கை உறிஞ்சினாள். அத்தனை பேருக்கு நடுவில், யாரைப் பற்றியும் கூச்சமில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் சொல்வதுபோல அந்தத் தணிந்த குரலில் சொன்னாள்: "நேத்துலருந்து அந்த ஐயாவத்தாம்பா நெனச்சுக்கிட்டே இருந்தேன். எனக்கு அந்த ஐயாவப் பிடிச்சிருந்துது."

கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்த ஞானாதிக்கம் சாருக்கு அந்த ஆள்மேல் இன்னமும் பொறாமையாகத்தான் இருந்தது.